வலையமைப்பும் அதன் குறிப்பேடும்

உலகில் மக்கள் கைக்கொண்டொழுகும் தொழில்கள் பலவற்றுள், குறிப்பெழுதி வைத்தலின்றிச் செவ்வனே நடைபெறுவது ஒன்றேனும் உண்டோ என நோக்கின், அரிதென்பதே விடையாகும். மாலுமி கப்பலின் போக்கை நாட்குறிப்பில் வரைகின்றான். மருத்துவமனையில் நோயாளியின் வெப்பநிலையும் நாடித்துடிப்பும் வேளைதோறும் பதியப்படுகின்றன. பொருட்காப்பாளர் வரவையும் செலவையும் அன்றன்றே ஏட்டிலேற்றுகின்றார். இவர்கள் அங்ஙனம் செய்யாதுவிடின் இவர்தம் தொழில் நம்பத்தக்கதாகாது. இக்காலத்தில் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் வலையமைப்போ சிக்கல் மிக்கது, பெரும்பாலும் சுவரினுள்ளும் கூரையின் மேலும் மறைந்து கிடப்பது, நாடோறும் மாறுவது. ஆயினும், அதற்குரிய குறிப்பேடு பல இடங்களில் எழுதப்படுவதேயில்லை; எழுதப்பட்டவிடத்தும் முதலாண்டிற்குப் பின் எவரும் அதனைத் தொடுவதில்லை. இக்குறையினால் விளையும் இடர் யாது, அவ்வேட்டில் எழுதத்தக்கன எவை, அதனைப் பேணும் முறை எத்தன்மைத்து என்பவற்றை ஈண்டு ஒருவாறு கூறப்புகுகின்றோம்.

1. முதல் நாளும் முதற் குறிப்பும்

இன்று உலகெங்கும் பரந்துள்ள இணையத்திற்கு முன்னோடியாக விளங்கியது, அமெரிக்க நாட்டில் 1969-ஆம் ஆண்டு தோன்றிய ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பாகும். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்த ஒரு கணினி, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த மற்றொரு கணினியோடு முதன்முறை தொடர்பு கொண்டது. உட்புகுதற்குரிய ஆங்கிலச் சொல்லொன்றை எழுத்தெழுத்தாக அனுப்ப முயன்றபோது, முதலிரண்டு எழுத்துக்கள் சென்ற அளவில் மறுமுனையிலிருந்த கணினி செயலற்று நின்றது. வலையமைப்பின் முதல் நாளே அதன் முதற் பழுது நேர்ந்த நாளுமாயிற்று. பின்னர் அக்குறை களையப்பட்டுத் தொடர்பு நிறைவெய்தியது.

இச்செய்தியை நாம் இன்று நாளும் நாழிகையும் பிசகாது அறிந்து கூறுதற்குக் காரணம் யாது? அக்கணினியருகே ஒரு சாதாரண நாட்குறிப்பேடு வைக்கப்பட்டிருந்தது. இரவு 22:30 மணிக்கு மறுமுனைக் கணினியோடு பேசியதாக அதில் ஒரு வரி பேனாவால் எழுதப்பட்டது. அதை எழுதியவர் தாம் வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்க வேண்டுவதில்லை. பணிமனை ஒழுங்கின்படி நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே குறித்தனர். அவ்வொழுங்கே பிற்காலத்தார்க்குச் சான்றாயிற்று.

அவ்வலையமைப்பு வளர்ந்த காலத்தில், எந்தக் கணினிக்கு எந்த எண் முகவரி என்பதனைக் காட்டும் பெயர்ப் பட்டியொன்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் நடுவத்தில் பேணப்பட்டு வந்தது. எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையார் அந்நடுவத்தின் தலைவராயிருந்தார். ஓரிடத்தில் புதிய கணினி சேருமாயின் அவ்விடத்தார் நடுவத்திற்கு அறிவிப்பர். நடுவத்தார் பட்டியைத் திருத்துவர். ஏனையோர் திருந்திய பட்டியைப் படியெடுத்துக் கொள்வர். கணினிகள் சிலவாயிருந்தகாலை இம்முறை நன்றே நடந்தது. அவை பலவாகப் பெருகியபோது, ஒரே நடுவம் ஒவ்வொரு திருத்தத்தையும் கைக்கொண்டு ஏற்றுதல் இயலாதாயிற்று. ஆகவே, 1983-ஆம் ஆண்டில் பால் மொகாபெட்ரிஸ் என்பார், அந்தந்த இடத்துப் பெயர்களை அந்தந்த இடத்தாரே பேணும் பெயர் முறையினை வகுத்தார். இன்றளவும் இணையத்திற் பெயர்கள் அம்முறையாலேயே வழங்குகின்றன. மாற்றத்தைச் செய்பவன் எவனோ அவனே அதனை உடனே பதிதல் வேண்டும். மாற்றத்திற்கும் பதிவிற்கும் இடையே தொலைவு மிகுமாயின் ஏடு பொய்க்கும் என்னும் பாடம் இதனின்று நமக்குக் கிடைக்கின்றது.

2. பழுதறிதலாவது யாது?

பழுது என்பது, இருக்கவேண்டிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் இடையேயுள்ள வேற்றுமையாம். இருக்கும் நிலையைக் கருவிகள் காட்டும். சென்று பார்த்தால் கண்ணும் காட்டும். இருக்கவேண்டிய நிலையையோ குறிப்பேடு ஒன்றே காட்டவல்லது. அஃதில்லையாயின், ஒப்பிடுதற்கு ஒரு பக்கமே எஞ்சி நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேற்றுமை காண்பார் யாவர்? யாம் இக்கட்டுரையிற் சொல்ல விரும்பும் பொருள் முழுவதும் இவ்வொன்றில் அடங்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதும். ஒரு கல்லூரியின் நூலகத்தில் இருபது கணினிகள் உள்ளனவாகக் கொள்க. ஒருநாட் காலை அவற்றுட் சில இணையத்தோடு தொடர்பற்றுப் போகின்றன. ஏனையவை குறையின்றி இயங்குகின்றன. பொறுப்பாளர் பழுதுற்ற ஒரு கணினியை நோக்க, அதன் முகவரி 192.168.1.37 என்றும், அது வெளியே செல்லும் வாயிலின் முகவரி 192.168.1.1 என்றும் காண்கின்றார். அவரிடமுள்ள முகவரிப் பதிவேட்டிலோ நூலகத்திற்கு 10.20.4.0 முதல் 10.20.4.255 வரையுள்ள பகுதியே ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் வாயில் 10.20.4.1. கல்லூரியின் எப்பகுதிக்கும் 192.168.1 என்னும் தொடக்கமுடைய முகவரி கொடுக்கப்பட்டிலது. ஆதலின், கணினிகளுக்குத் தானே முகவரி வழங்கும் வேற்றுக் கருவியொன்று வலையமைப்பினுள் புகுந்துள்ளது என்பது முதற்பார்வையிலேயே தெற்றென விளங்குகின்றது. முகவரி கேட்கும் கணினிக்கு எது முந்தி விடைகொடுக்குமோ அதன் சொல்லையே அது ஏற்கும். முன்னரே பெற்ற முகவரியின் தவணை முடியாத கணினிகள் பழைய முகவரியோடு நலமாக இயங்கும். சில பழுதுற்றுச் சில நலமாயிருந்ததன் காரணமும் இதுவே.

இனி அக்கருவி எங்குள்ளது? வலையிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 48 இருமநிலை எண்களாலாகிய ஒரு வன்பொருள் முகவரி உண்டு. பொய் வாயிலின் வன்பொருள் முகவரியைப் பழுதுற்ற கணினியிலிருந்தே அறிந்து, அதனை ஸ்விட்ச் வைத்துள்ள அட்டவணையில் தேடினால், அது 17-ஆம் போர்ட்டின் வழியே வருவதாகத் தெரிகின்றது. இணைப்புப் பதிவேட்டைப் புரட்ட, 17-ஆம் போர்ட்டிலிருந்து செல்லும் கேபிள் முதல் மாடியில் பருவ இதழ்கள் படிக்கும் அறையின் வடசுவரிலுள்ள 14-ஆம் துளையிற் சென்று முடிவதாக எழுதியிருக்கின்றது. அங்குச் சென்று பார்க்க, வைஃபை தெளிவாகக் கிடைக்கவேண்டுமென எவரோ கொணர்ந்து செருகிய சிறு ரௌட்டர் ஒன்று விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கின்றது. அதனைக் கழற்றிவிட்டுக் கணினிகளுக்கு முகவரியைப் புதுப்பித்த அளவில் யாவும் நலமாயின. இவையனைத்தும் நிகழ்தற்குக் கால்மணி நேரம் போதும்.

பதிவேடு இல்லாத கல்லூரியில் இதே பழுது நேர்ந்தால் நிகழ்வது யாது? 192.168.1.37 என்பது தகுந்த முகவரியோ தகாததோ என்று அறிவார் இல்லை. கேபிள் கெட்டதோ என ஐயுற்று மாற்றுவர். சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குவர். ஒன்றும் பயனின்றி ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்கத் தொடங்குவர். அங்ஙனம் பிடுங்குங்கால் நலமாயிருந்த கணினிகளும் நின்றுபோம். பிடுங்கியவற்றுள் சிலவற்றை வேறு துளையிற் செருகிவிடுவராயின், முதற் பழுதோடு புதுப்பழுது ஒன்றும் சேர்ந்துகொள்ளும். பகல் முழுதும் கழிந்த பின்னர் தற்செயலாகக் குறை நீங்கினும், அது நீங்கிய காரணத்தை அவர் அறியார். மறுமாதம் அதே பழுது மீண்டும் வரும்; அதே பகற்பொழுது மீண்டும் கழியும்.

3. பாஸ்டன் நகரத்து மருத்துவமனை

மேற்கூறியது சிறு பழுது. பெரும் பழுதொன்றினையும் ஈண்டு எடுத்துக் காட்டுதல் தகும். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ நிலையம், கணினிப் பயன்பாட்டிற் சிறந்ததெனப் பெயர் பெற்றது. 2002-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் அதன் வலையமைப்பு தளர்ந்து, பின் முற்றும் நின்றது. சற்றே உயிர்ப்பதும் மீண்டும் வீழ்வதுமாக ஏறத்தாழ நான்கு நாட்கள் அது அல்லலுற்றது. மருந்துக் குறிப்புகளையும் சோதனை முடிவுகளையும் கணினியிற் கண்டு பழகிய மருத்துவர்களும் செவிலியரும் காகிதத்தையும் பேனாவையும் கையிலெடுத்தனர். ஆட்கள் தாள்களை ஏந்திக் கட்டடந்தோறும் ஓடினர்.

இதன் காரணத்தை அறிதற்கு ஸ்விட்ச்களின் இயல்பினைச் சிறிது அறிதல் வேண்டும். ஸ்விட்ச்கள் பலவற்றை இணைக்குங்கால், ஒரு வழி அறுந்தாலும் மற்றொரு வழி உதவுக என்று இரட்டை வழிகள் அமைப்பதுண்டு. அவ்விரு வழிகளும் ஒருங்கே திறந்திருக்குமாயின், தகவல் வட்டமிட்டுச் சுழன்று பெருகி வலை முழுவதையும் அடைத்துவிடும். இதனைத் தடுத்தற்கு, 1985-ஆம் ஆண்டளவில் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் ஒரு நெறியை வகுத்தார். அந்நெறிப்படி ஸ்விட்ச்கள் தமக்குள் செய்தி பரிமாறி, மிகையான வழிகளைத் தாமே மூடி, மரக்கிளை போன்ற வட்டமற்ற அமைப்பினை உண்டாக்கிக்கொள்ளும். வழக்கமான அமைவில் வைத்திருப்பின், வலையின் ஒரு கோடியினின்று மறுகோடிக்கு இடையே ஏழு ஸ்விட்ச்களுக்கு மேற்படலாகாது என்பது இந்நெறிக்கு விதிக்கப்பட்ட எல்லை.

அம்மருத்துவ நிலையத்தின் வலையமைப்போ ஆண்டுதோறும் சிறுகச் சிறுக வளர்ந்தது. கட்டடம் கட்டடமாகவும் துறை துறையாகவும் ஸ்விட்ச்கள் சேர்ந்தன. ஒவ்வொரு சேர்க்கையும் தனித்தனியே நோக்கின் குறையற்றதே. ஆனால், யாவும் சேர்ந்து சில பகுதிகளில் அவ்வெல்லையைக் கடந்துவிட்டன. மிகுந்த தகவற் போக்கு ஒருநாள் எழுந்தகாலை நெறி முறிந்தது. உதவிக்கு விரைந்து வந்த வெளிப் பொறியாளர்கள் முதற்கண் செய்ய நேர்ந்தது, வலையமைப்பு எவ்வாறு பின்னிக் கிடக்கின்றது என்று அளந்தறிவதே. நிகழ்வு ஓய்ந்த பின் அந்நிலையத்தின் தகவல் துறைத் தலைவராயிருந்த மருத்துவர் ஜான் ஹலாம்கா, நேர்ந்ததை மறையாது உலகறியக் கூறினார். வலையமைப்பின் அறிவு முழுவதையும் ஒருவரிடமே ஒப்புவித்தல் ஆகாது. மாற்றம் எதுவாயினும் பலர் ஆராய்ந்து உடன்பட்ட பின்னரே செய்தல் வேண்டும் என்பன அவர் எடுத்துரைத்த பாடங்களுட் சில.

மாணவர்காள்! ஈண்டு உய்த்துணர வேண்டுவது ஒன்றுண்டு. எல்லை ஏழு என்று எண்ணியிருப்பார்க்கு, ஏழு எப்போது எட்டாகின்றது என்று தெரிவிப்பது படமே. படம் எழுதிச் சேர்க்கைதோறும் திருத்தி வருவாராயின், பழுது நேர்தற்கு முன்னரே அது காகிதத்திற் புலப்படும். நல்ல குறிப்பேடு பழுதைக் களைதற்கு உதவுவதோடு, வரவிருக்கும் பழுதை முன்னறிவிக்கவும் வல்லது.

4. எழுதத்தக்கன எவை?

நம் ஊர்களில் நிலத்திற்குக் கணக்கு எழுதும் முறையினை நினைவுகூர்க. புலப்படம் நிலத்தின் எல்லையைக் காட்டும். சிட்டா அஃது எவருடையது என்பதைக் காட்டும். அடங்கல் அதில் இப்போது விளைவது யாது என்பதைக் காட்டும். மூன்றும் வெவ்வேறாயினும், புல எண் ஒன்றே அவற்றைப் பிணைக்கும். வலையமைப்பின் ஏடுகளும் அத்தன்மையனவே. அவற்றை ஆறாக வகுத்துக் கூறுதும்.

முதலாவது, படம். இஃது இருவகைத்து. எந்தக் கட்டடத்தில் எந்த ராக்கில் எந்தக் கருவி உள்ளது, கேபிள் எவ்வழிச் செல்கின்றது என்று காட்டுவது இடப்படம். எந்த முகவரிப் பகுதி எதனோடு சேர்கின்றது, தகவல் எந்த ரௌட்டர் வழியே வெளியேறுகின்றது என்று காட்டுவது போக்குப்படம். இரண்டினையும் ஒரே தாளில் வரையின் குழப்பமே மிகும், தனித்தனியே வரைக.

இரண்டாவது, முகவரிப் பதிவேடு. 1996-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிப்படி, 10 என்று தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவனவும், 192.168 என்று தொடங்குவனவும் எந்நிறுவனமும் தன்னகத்தே வழங்கிக்கொள்ளுதற்கு உரியன. இவற்றுள் எப்பகுதி எந்தக் கட்டடத்திற்கு, நிலையான முகவரி பெற்ற சர்வர்களும் அச்சுப்பொறிகளும் எவை, தானே வழங்கப்படும் முகவரிகள் எவ்வெண் முதல் எவ்வெண் வரை என்பன எழுதப்படல் வேண்டும். நிலையான முகவரி ஒன்றினை அறியாது மற்றொரு கருவிக்கும் கொடுத்துவிடின், இரண்டும் மாறிமாறி நின்றுபோகும். தேடுவார்க்குப் பெருமயக்கம் தரும் இப்பழுது, ஒரு வரிப் பதிவினால் ஒழியும்.

மூன்றாவது, இணைப்புப் பதிவேடு. ஸ்விட்ச்சின் ஒவ்வொரு போர்ட்டும் பாட்ச் பேனலின் எத்துளையோடும், அத்துளை எந்த அறையின் எந்தச் சுவர்த் துளையோடும் சேர்கின்றது என்பது இதிற் காணப்படும். கேபிளின் இரு முனைகளிலும் ஒரே பெயர் ஒட்டப்படல் வேண்டும். நூலகம், முதல் மாடி, 14-ஆம் துளை என்பதனை ‘நூ-1-14’ எனக் குறித்தல் போல்வது. இத்தகைய பெயரிடுதலுக்கென்றே அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழிற் சங்கத்தார் 606 என்னும் எண்ணுடைய நியமத்தை 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கேபிளின் நீளத்தையும் குறித்தல் நன்று. செம்புக் கம்பிகளாலான ஈதர்நெட் இணைப்பு 100 மீட்டருக்கு மேற்படலாகாது; அவ்வெல்லையை அடுத்துள்ள கேபிள் எது என்பது தெரிந்திருப்பின், இடையிடையே அறுபடும் தொடர்பினை எங்கு ஐயுறுவது என்பது எளிதாம்.

நான்காவது, அமைவுப் பிரதி. ரௌட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகளுக்கு நாம் இட்ட கட்டளைகளின் படி இது. இடிமின்னலால் ஒரு ஸ்விட்ச் எரிந்துபோயின், புதியது வாங்குதல் ஒருநாட் செயல்; அதற்குப் பழைய கட்டளைகளை நினைவிலிருந்து இட முயல்வதோ முடிவில்லாச் செயல். பிரதி இருப்பின் அது சில நிமிடங்களில் முடியும்.

ஐந்தாவது, நலநிலைக் குறிப்பு. வலையமைப்பு நலமாயிருக்குங் காலத்து அதன் அளவுகளை எடுத்து வைத்தல் இது. காலை பத்து மணிக்கு வெளி இணைப்பில் எவ்வளவு தகவல் செல்லும்? ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்திற்குச் சென்று மீளச் செய்திக்கு எத்தனை மில்லிவினாடி ஆகும்? ‘இன்று இணையம் மெதுவாக இருக்கின்றது’ என்று ஒருவர் முறையிடும்போது, என்றைய நிலையோடு ஒப்பிட்டு மெது என்கின்றார் என்னும் வினாவிற்கு இக்குறிப்பே விடை கூறும்.

ஆறாவதும் தலையாயதும் நாட்குறிப்பு. எந்நாள், எம்மணி, எவர், எதனை, எதன்பொருட்டு மாற்றினார், அதனைப் பழைய நிலைக்கு மீட்பது எங்ஙனம் என்பவற்றை மாற்றந்தோறும் இதில் எழுதுக. பழுது நேர்ந்தவிடத்து அதன் குறிகள், ஐயுற்ற காரணங்கள், செய்த சோதனைகள், இறுதியிற் கண்ட காரணம் ஆகியவற்றையும் எழுதுக. தவறிப்போன சோதனைகளையும் விடாது எழுதுக. அடுத்து வருபவர் அவ்வழியே மீண்டும் சென்று களைப்புறாதிருப்பர். நேற்றுவரை நலமாயிருந்தது இன்று கெட்டதாயின், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது யாது என்பதே கேட்கத்தக்க முதல் வினா.

பழுதுற்ற நிலையைக் கலைப்பதற்கு முன் பதிந்துகொள்ளுதலின் பயனுக்கு ஒரு சான்று கூறுதும். 1980-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணிநேரம் செயலற்றது. அதனைக் காத்துவந்தோர் ஒரு கருவியின் நினைவகத்திலிருந்ததைப் படியெடுத்து நோக்கியபோது, ஒரே கருவியின் பெயரால் 44, 40, 8 என்னும் மூன்று வரிசை எண்கள் பெற்ற செய்திகள் நிறைந்து கிடந்தன. இருமநிலை முறையில் எழுதிப் பார்க்கின், 44 என்பதில் ஓர் இலக்கம் உதிர்ந்தால் 40 ஆகும். பின்னும் ஓரிலக்கம் உதிர்ந்தால் 8 ஆகும். வன்பொருட் குறையினால் இலக்கங்கள் உதிர்ந்தன என்பதும், வட்டமாக எண்ணும் அவ்விதிப்படி மூன்றனுள் ஒவ்வொன்றும் மற்றொன்றினும் புதியதெனக் கருதப்பட்டு ஓயாது சுற்றிவந்தன என்பதும் வெளிப்பட்டன. எல்லாவற்றையும் நிறுத்தி மீண்டும் இயக்கி மட்டும் விட்டிருப்பின் அச்சான்று அழிந்தொழிந்திருக்கும்.

5. பேணும் முறை

ஏட்டினை எழுதுதல் எளிது. மெய்யாக வைத்திருத்தலே அரிது. பொய்க்குறிப்பு குறிப்பின்மையினும் கொடிது. குறிப்பில்லாதவன் தேடுவான், பொய்க்குறிப்புடையவன் தவறான அறையிற் சென்று உறுதியோடு தேடுவான். ஆதலின் மாற்றம் செய்த பின்னர் ஏட்டைத் திருத்தினாலன்றி அவ்வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. ‘நாளை எழுதுவோம்’ என்பது எழுதாமைக்கு மற்றொரு பெயர்.

ஒரு செய்தி ஓரிடத்திலேயே எழுதப்படுக. மூவர் மூன்று பட்டிகள் வைத்திருப்பின், எது மெய் என்று ஆராய்வதற்கே பொழுது போதாது. கருவிகள் யாவற்றின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். இரு கருவிகளின் பதிவுகளில் மணி வேறுபடுமாயின், எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்று அறியவொண்ணாது. டேவிட் மில்ஸ் என்பார் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட காலமொத்திசைவு நெறி இதற்கென அமைந்ததே.

குறிப்பேடு முழுவதையும் சர்வரில் மட்டும் வைத்திருத்தல் பேதைமை. வலையமைப்பு நின்ற நாளன்றோ அவ்வேடு வேண்டப்படுவது? கிணற்றில் வீழ்ந்தவனை ஏற்றுதற்குரிய கயிற்றைக் கிணற்றுள்ளே வைத்திருப்பாருளரோ? ஆகவே அச்சிட்ட படி ஒன்றேனும் பூட்டிய பேழையில் இருத்தல் வேண்டும். இணைய வசதி வழங்கும் நிறுவனத்தாரின் தொலைபேசி எண்ணும், நமது இணைப்பிற்கு அவர்கள் இட்ட அடையாள எண்ணும் அதில் இடம்பெறுக. கடவுச்சொற்களை இவ்வேட்டோடு கலத்தலாகாது. அவற்றை முத்திரையிட்ட உறையில் தலைமைப் பொறுப்பாளரிடம் தனியே ஒப்படைத்தல் தகும். முகவரியும் படமுங்கூடத் தீயோர்க்குத் துணையாவன ஆதலின், யாவரும் காணத் தொங்கவிடத்தக்கன அல்ல.

ஏடு நன்றோ தீதோ என அறிதற்கு எளியதொரு சோதனை உண்டு. அவ்வலையமைப்பை முன்பின் அறியாத மாணவன் ஒருவன் கையில் அதனைக் கொடுத்து, ‘வேதியியற் கூடத்துத் தென்சுவரிலுள்ள மூன்றாந்துளை எந்த ஸ்விட்ச்சின் எந்தப் போர்ட்டிற் சேர்கின்றது?’ என்று கேட்க. எவரையும் வினவாது அவன் சரியான போர்ட்டைத் தொட்டுக் காட்டுவானாயின் ஏடு நன்று. பருவத்திற்கு ஒருமுறை இங்ஙனம் பத்துத் துளைகளைச் சோதிப்பின், ஏடு எவ்வளவு பழுதுற்றது என்பது தானே புலனாகும்.

6. தடையும் விடையும்

‘வேலை செய்வதற்கே நேரமில்லை, எழுதுவதற்கு நேரமேது?’ என்பார் உளர். ஒரு மாற்றத்தை எழுதுதற்குச் சில நிமிடங்கள் போதும். எழுதாத ஒரு மாற்றத்தைப் பின்னர்க் கண்டுபிடித்தற்கு ஆகும் பொழுதையோ மேற்காட்டிய நூலகத்தின் கதை உணர்த்தும். நேரமின்மையே எழுதுதற்குரிய காரணமாகும்.

‘வலையமைப்பைத் தாமே துருவிப் படம் வரையும் மென்பொருள்கள் உள்ளனவே, நாம் எழுதுவானேன்?’ என்பார் பிறர். அவை பயனுடையனவே; அவற்றைக் கைக்கொள்ளுதலும் வேண்டும். ஆயினும், அவை காட்டுவது இருக்கும் நிலை ஒன்றையே. பொய் ரௌட்டரையும் மெய் ரௌட்டரையும் ஒரே முகத்தோடு அவை படத்தில் வரையும். இருக்கவேண்டிய நிலையையும், அங்ஙனம் அமைத்ததன் காரணத்தையும் கருவி அறியாது. ஒரு போர்ட் ஏன் மூடப்பட்டது, ஒரு வழி ஏன் திருப்பிவிடப்பட்டது என்பன அமைத்தவர் கருத்திலன்றி வேறெங்கும் இல்லை. அக்கருத்தை எழுத்திலேற்றாவிடின் அது அவரோடு போம்.

‘எல்லாம் எனக்கு மனப்பாடம்’ என்பார் மூன்றாமவர். அவர் கூற்று மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் அவரும் நோயுறுவர், விடுமுறையிற் செல்வர், வேறு பதவி பெற்று நீங்குவர், ஒருநாள் ஓய்வும் பெறுவர். அவர் இல்லாத காலையிலும் தேர்வு நடக்கும்; கட்டணம் செலுத்தும் நாள் வரும்; விண்ணப்பம் அனுப்புதற்குரிய கடைசி நாழிகையும் வரும். அன்று ஏழை மாணவன் ஒருவனது விண்ணப்பம் சென்று சேராதொழியுமாயின், ஒருவரது மனப்பாடம் அவனுக்கு என்ன பயன் செய்யும்? தம்மையன்றி எவராலும் காக்கவொண்ணாத வலையமைப்பினை உடையார், அதனைத் திறமென்று கருதுதல் கூடும். அது நிறுவனத்திற்குப் பெருங்கடனென்றே யாம் கருதுகின்றோம்.

7. முடிவுரை

இம்மலரைப் படிக்கும் மாணவருட் பலர், நாளை ஏதேனுமோர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ வலையமைப்பினைக் காக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். அன்று நும் கையில் ஒரு திறவுகோற் கொத்து கொடுக்கப்படும். அதனோடு ஏடொன்றும் கொடுக்கப்படுமாயின் அதனை எழுதியவரை மனமார வாழ்த்துவீர்கள். கொடுக்கப்படாதாயின் முன்னவரை நோவதிற் பயனில்லை. அன்றே ஒரு தாளை எடுத்து, கண்முன் நிற்கும் ஒரு ராக்கினை மட்டும் பார்த்து, அதிலுள்ள ஒவ்வொரு போர்ட்டையும் எழுதத் தொடங்குக. முழுதும் ஒரே நாளில் முடியவேண்டுவதில்லை. தொட்ட கேபிளுக்கெல்லாம் பெயரிடுவது, தொட்ட கருவிக்கெல்லாம் ஒரு வரி எழுதுவது என்னும் நியமத்தைக் கைக்கொள்ளின், ஓராண்டில் ஏடு தானே நிறையும்.

நன்றாக இயங்கும் வலையமைப்பை எவரும் நினைப்பதில்லை. அதன் குறிப்பேட்டைப் புகழ்வாரும் இல்லை. நள்ளிரவில், பழுதுற்ற கருவியின் முன், முன்பின் அறியாத ஒருவர் அவ்வேட்டை விரித்துத் தாம் தேடிய வரியைக் காணும்போது, அதை எழுதியவரது உழைப்பு பயன் பெறுகின்றது. பெயரறியாத அவ்வொருவருக்கு உதவும்பொருட்டு இன்றே எழுதுவீர்களாக.